வால்பாறை இறக்கத்தில் தளர்ந்த பிரேக் பெடல்: ஒற்றை ஆளாக ஏர் எடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

கார் ஒரு சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக். வயது இருபதைத் தாண்டியது. முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம், வேக்குவம் பூஸ்டர் (எஞ்சினின் வெற்றிட இழுப்பால் மிதிக்கும் விசையைக் கூட்டுவது), இரண்டு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது). சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. பிரேக் லைன்கள் குறுக்காகப் பிரிந்தவை: ஒரு அறை இடது பின்சக்கரத்துக்கும் வலது முன்சக்கரத்துக்கும் ஆயில் அனுப்புகிறது, இன்னொன்று மற்ற இரண்டுக்கும். ஒரு லைன் உடைந்தாலும் ஒரு முன்சக்கரமாவது பிடிக்கும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

ஓட்டியவர் என் மாமா. நான்கு பேரோடு வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கியிருக்கிறார். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் கடைசிச் சிலவற்றுக்கு வரும்போது பெடல் தளர்ந்துவிட்டது. "பெடலு பஞ்சு மாதிரி உள்ள போயிருச்சு மாப்ளே, ஹேண்ட்பிரேக்க இழுத்துத்தான் ஓரம் கட்டுனேன்" என்றார். எந்த கியரில் இறங்கினீர்கள் மாமா என்று கேட்டேன். பெரும்பாலும் மூன்றாவது, நேரான இடங்களில் நான்காவது. ஆழியாறில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்து மிதித்தால் பெடல் பழையபடி இருந்திருக்கிறது. அப்படியே வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அதன்பின் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டார். முன் காலிப்பர்களை (டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் பகுதி) கழற்றி சீல் மாற்றினார்கள், முன் ஹோஸ்கள் (காலிப்பருக்கு ஆயில் போகும் ரப்பர் குழாய்கள்) புதிதாகப் போட்டார்கள், ஒருவர் மிதிக்க ஒருவர் நிப்பிள் (ஆயிலை வெளியே விடும் துளையுள்ள சிறு திருகு) திறந்து ஏர் எடுத்தார்கள், அதாவது உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றினார்கள். வண்டி திரும்பி வந்தபோது பெடல் முன்பைவிட மோசம். "இன்னும் ஏர் இருக்கும், ஓட ஓட சரியாகிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிரேக்கில் மாட்டிய காற்று ஓட ஓடச் சரியாவதில்லை. வண்டி என் வீட்டுக்கு வந்தது அந்த நிலையில்தான். உதவிக்கு ஆள் இல்லாத வாரநாள். வேலையைத் தனியாகவே செய்வது என்று முடிவு செய்தேன். தனியாகச் செய்ததால் வேலை மெதுவானது, தரம் குறையவில்லை. சொல்லப்போனால் இந்த வண்டியில் தவறு எங்கே என்று தெரிந்ததே ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் ஒரே ஆள் உட்கார்ந்து பார்த்ததால்தான்.

முதலில் மலையில் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆட்களோடு சேர்த்து வண்டி ஏறக்குறைய 1000 கிலோ. இறக்கம் 700 மீட்டருக்குக் குறையாது. இந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 69 லட்சம் ஜூல். 20 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். குறைந்த கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மூன்றிலும் நான்கிலும் இறங்கினால் கணிசமான பங்கு முன் டிஸ்க்குகளிலும் அவற்றை அழுத்தும் பேடுகளிலும் வெப்பமாக இறங்கும். அங்கிருந்து காலிப்பரின் பிஸ்டன் வழியாக ஆயிலுக்குப் போகும்.

டாட் 3 (DOT 3 என்ற தரக்குறி) வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். டாட் 4-க்கு அது 230. ஆனால் இந்த ஆயில்கள் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை, ஈரத்தை இழுக்கும். ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ரிசர்வாயர் (ஆயில் தொட்டி) மூடியின் மூச்சுத் துளை வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் தரம் கேட்பது டாட் 3-க்கு 140 டிகிரி, டாட் 4-க்கு 155 டிகிரி மட்டுமே. மாமாவின் வண்டியில் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று அவருக்கே நினைவில்லை. ரிசர்வாயரில் இருந்தது டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

ஆயில் கொதித்தால் காலிப்பருக்குள் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் ஆவியை அமுக்குவதிலேயே தன் தூரத்தைச் செலவழித்துவிடும். ஆறியதும் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், பெடல் பழையபடி வரும். டீ குடித்துவிட்டு வந்ததும் சரியான பெடல் இதைத்தான் சொன்னது. பேடு சூடேறி வழுக்கும் நிலை வேறு: அப்போது பெடல் கல் மாதிரி உறுதியாக இருக்கும், வண்டிதான் நிற்காது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி.

ஆக, மலையில் வந்த கோளாறுக்குத் தேவைப்பட்ட மருந்து ஆயிலை முழுவதுமாக மாற்றுவது. காலிப்பர் சீலும் ஹோஸும் வயதான வண்டிக்குத் தேவைதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ரிசர்வாயரில் இன்னமும் அதே டிகாக்‌ஷன் நிறம் இருந்தது. மேலே கொஞ்சம் புது ஆயில் ஊற்றி விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது பெடல். ஸ்பேனரைத் தொடும் முன் பெடலைப் படிக்க வேண்டும். இந்த ஆய்வில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான். எஞ்சினை அணைத்து, நாலைந்து முறை மிதித்து பூஸ்டரில் இருக்கும் வேக்குவத்தைக் காலி செய்துவிட்டு, மெதுவாக மிதித்தேன். முதல் மிதியில் பெடல் தரைக்கு மிக அருகில் போனது. உடனே இரண்டாவது, மூன்றாவது மிதி மிதித்தால் மேலே ஏறி வந்தது. ஏறி வந்த பிறகும் காலுக்குக் கீழே ஸ்பிரிங் போலத் துள்ளியது. கடைசியாக, லேசான அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தேன். பெடல் மெல்ல இறங்கவில்லை.

இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. அடுத்தடுத்து மிதித்தால் ஏறுகிறது என்றால் எங்கோ பேடோ, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவோ தூரத்தில் நிற்கிறது; அந்த இடைவெளியை நிரப்பவே முதல் மிதி போய்விடுகிறது. ஏறிய பிறகும் துள்ளுகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது. பிடித்தால் இறங்கவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் சீல்கள் தாங்குகின்றன, வெளியிலும் கசிவு இல்லை. அதாவது இந்த வண்டியில் ஒன்றல்ல, இரண்டு கோளாறுகள். ஒர்க்‌ஷாப்பில் துள்ளலை மட்டும் கேட்டிருக்கிறார்கள். முதல் மிதி ஏன் அவ்வளவு ஆழம் போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

எவ்வளவு காற்று இருந்தால் இப்படி ஆகும்? கணக்கு எளிது. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் குறுக்குப் பரப்பு 3.14 சதுர செ.மீ. 1 மில்லி லிட்டர் காற்று முழுவதும் அமுங்க பிஸ்டன் 3 மி.மீ.க்குச் சற்று அதிகமாக நகர வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் நான்கு மடங்கு என்றால் கால் 12, 13 மி.மீ. கூடுதலாக இறங்க வேண்டும். ஒரு மில்லி என்பது சின்ன டீஸ்பூனில் கால் பங்கு கூட இல்லை.

எந்தப் பக்கம் காற்று என்று அறிய ஒரு வழி உண்டு. வழவழப்பான வாய் கொண்ட ஹோஸ் கிளாம்ப்பால் ஒரு ஹோஸை மெதுவாக இறுக்கி அந்தச் சக்கரத்தைத் தனிமைப்படுத்திவிட்டு மிதித்துப் பார்ப்பது. முன் ஹோஸ்கள் இரண்டும் புதியவை என்பதால் அவற்றில் தைரியமாகச் செய்தேன். பின் ஹோஸ்கள் பழையவை, மேல் தோலில் வெடிப்பு இருந்தது. அவற்றை நெரித்தால் உள் அடுக்கு கிழியும், அதனால் தொடவில்லை. சாதாரண பிளையரால் நெரிக்கும் பழக்கத்தை எந்த ஹோஸிலும் விட்டுவிட வேண்டும். முன் இரண்டையும் அடைத்து மிதித்ததும் துள்ளல் காணாமல் போனது. ஆனால் முதல் மிதி இன்னமும் ஆழமாகவே போனது. காற்று முன்னால், இடைவெளி பின்னால் என்று தெளிவாகிவிட்டது.

சரி, இனி சக்கரங்களைக் கழற்றலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஒவ்வொரு முனையாகத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். தனியாக வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரப் பக்கம் கையை விடவே கூடாது. வண்டி இறங்கினால் தூக்கிவிட ஆள் இருக்காது.

முன்பக்கத்தைப் பார்த்ததுமே துள்ளலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு காலிப்பர்களிலும் நிப்பிள் கீழே இருந்தது, ஹோஸ் வந்து சேரும் இடம் மேலே. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றி மேசையில் வைத்துச் சீல் மாற்றியவர்கள் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். பல வண்டிகளில் போல்ட் துளைகள் ஒன்றாகவே இருப்பதால் தவறாகவும் அழகாகப் பொருந்திவிடும். பிரேக்கும் பிடிக்கும். ஆனால் காற்று மேலே போய் நிற்கும், நிப்பிள் கீழே திறக்கும். எத்தனை லிட்டர் ஆயிலை ஓட்டினாலும் நிப்பிளிலிருந்து குமிழி இல்லாத சுத்தமான ஆயில்தான் வரும். அதைப் பார்த்து "ஏர் போயிருச்சு" என்று நினைத்துவிடுவார்கள். மேல் மூலையில் காற்று அப்படியே உட்கார்ந்திருக்கும். முன் காலிப்பரில் வேலை நடந்த வண்டி எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது நிப்பிள் உச்சியில் இருக்கிறதா என்பதைத்தான்.

காலிப்பர்களைக் கழற்றிச் சரியான பக்கம் மாற்றினேன். புது ஹோஸின் முனையில் இருக்கும் செப்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டேன். ஒருமுறை நசுங்கியவை மறுபடி ஒழுங்காக அடைக்காது. டிஸ்க் மீது ஒரு சொட்டு ஆயில் கூட விழாமல் துணி சுற்றிவைத்தேன்.

பின்பக்கம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கோளாறு ஊரில் பாதி பழைய கார்களில் இருக்கிறது என்பது என் எண்ணம். டிரம்மைக் கழற்றினால், ஷூக்கள் டிரம்மிலிருந்து மிகவும் விலகி நின்றன. தேயத் தேய ஷூவைத் தானாக வெளியே தள்ள வேண்டிய அட்ஜஸ்டர் துருவும் தூசியும் பிடித்து இறுகியிருந்தது. அதற்கு மேல், ஹேண்ட்பிரேக் கேபிள் ஓட்டுநர் பக்கத்தில் நன்றாக முறுக்கப்பட்டிருந்தது. ஹேண்ட்பிரேக் தளர்ந்தால் ஷூவைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டுவது சுலபமான வழி. ஆனால் கேபிள் எப்போதும் இழுபட்டே இருந்தால் ஷூவின் லிவர் தன் ஓய்வு நிலைக்குத் திரும்பாது. லிவர் திரும்பாவிட்டால் பல வகை அட்ஜஸ்டர்கள் அடுத்த பல்லுக்கு நகராது. ஹேண்ட்பிரேக் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், கால்பிரேக்கின் பெடல் மட்டும் மாதாமாதம் கீழே இறங்கும்.

கேபிளை முதலில் தளர்த்தினேன். தூசியை ஊதவில்லை, தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அட்ஜஸ்டரைக் கழற்றி, மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் கிரீஸை மிகக் கொஞ்சமாகத் தடவி மாட்டினேன். டிரம்மைப் போட்டுச் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் கேட்கிற வரை ஷூவை விரித்தேன். கடைசியில் ஹேண்ட்பிரேக் கேபிள். இதையெல்லாம் ஏர் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். ஷூ தளர்ந்திருக்கும்போது ஏர் எடுத்தால், முடிந்தபின் பெடல் இன்னும் கீழே இருப்பதைப் பார்த்து மறுபடி ஏர் எடுக்க உட்கார்ந்துவிடுவோம்.

இடது பின் நிப்பிள் துருவில் இறுகியிருந்தது. இங்கே அவசரப்பட்டால் உடையும். உடைந்தால் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டியதுதான். முந்தைய இரவே துரு இளக்கும் ஆயில் விட்டிருந்தேன். நிப்பிளின் தலையில் சின்னச் சுத்தியலால் நேராக லேசாகத் தட்டி, திறப்பதற்கு முன் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் திருப்பி, அப்புறம் திறக்கும் பக்கம் திருப்பினேன். வெளிவாய் பிளந்த ஓப்பன் ஸ்பேனரை வைக்கவே கூடாது. ஆறுமுக ரிங் அல்லது சாக்கெட்தான். நிப்பிள் உள்ளே குழாய் போல வெற்றாக இருப்பதால் அழுத்தத்தில் நசுங்கும். அதன் துளைக்குள் சரியாகப் பொருந்தும் டிரில் பிட்டின் மொட்டைப் பக்கத்தைச் செருகிக்கொண்டால் அந்த ஆபத்து குறையும்.

இனி தனி ஆளாக ஏர் எடுக்கும் வேலை. இதற்கு வழிகள் பல இருக்கின்றன. உள்ளே பந்தும் ஸ்பிரிங்கும் கொண்ட ஒருவழி நிப்பிள் விற்கிறார்கள், மரை அளவு பார்த்து வாங்கினால் நல்லது. நிப்பிளில் வேக்குவம் பம்ப் மாட்டி இழுக்கலாம். ஆனால் திறந்த நிப்பிளின் மரை வழியாகவும் காற்று இழுபடும், குமிழி நிற்கவே நிற்காது, உள்ளே காற்று இருக்கிறதா இல்லையா என்று கடைசி வரை தெரியாது. ரிசர்வாயர் வாயில் பிரஷர் கொடுத்து மேலிருந்து தள்ளலாம். அது மிகச் சுத்தமான முறை, 1 பார் அழுத்தமே தாராளம். ஆனால் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பெயிண்ட் மீது ஆயில் பீய்ச்சும். இந்த வண்டிக்கு நான் தேர்ந்தெடுத்தது பாட்டில் முறை. அதில் செலவு ஏறக்குறைய இல்லை, என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

மீன் தொட்டிக்குப் போடும் தெளிவான டியூப் ஒரு மீட்டர் வாங்கினேன். முனையை வெந்நீரில் நனைத்தால் இளகி நிப்பிளின் மேல் இறுக்கமாக ஏறும். ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு விரல் உயரத்துக்குப் புது பிரேக் ஆயில் ஊற்றி, டியூபின் மறுமுனையை அதன் அடிவரை விட்டேன். முக்கியமான விஷயம் டியூபின் போக்கு. நிப்பிளிலிருந்து டியூப் முதலில் ஒரு சாண் உயரம் மேலே ஏற வேண்டும், அப்புறம் பாட்டிலுக்கு இறங்க வேண்டும். பாட்டிலையும் நிப்பிளுக்கு மேலே, சஸ்பென்ஷனில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். குமிழி தானாக மேலே ஏறி நிப்பிளை விட்டு விலகிவிடும். பெடலை விடும்போது உள்ளே திரும்புவது காற்றல்ல, டியூபில் நிற்கும் ஆயில்தான். நிப்பிளுக்கு மேலே ஆயில் நிற்பதால் மரை வழியாகக் காற்று புகவும் இடமில்லை. ஆயில் வேண்டுமானால் லேசாகக் கசியும். பாட்டிலைத் தரையில் வைத்துச் செய்பவர்களுக்கு இந்த வசதி போய்விடுகிறது. கசிவைக் குறைக்க நிப்பிள் மரையின் மேல் பகுதியில் மட்டும் ரப்பர் கிரீஸ் தடவலாம். கூம்பு முனையில் படக்கூடாது.

ரிசர்வாயரிலிருந்த பழைய ஆயிலை ஊசி சிரிஞ்சால் உறிஞ்சி, அடியில் படிந்த கசடைத் துடைத்து, புது டாட் 4 ஊற்றினேன். முத்திரை உடைக்காத டின்னாக இருக்க வேண்டும். பாதி பயன்படுத்தி மூடி வைத்தது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். டாட் 5 என்று மட்டும் போட்ட சிலிகான் ஆயிலை இதோடு கலக்கக்கூடாது. 5.1 வேறு, அது கிளைக்கால்தான். பிரேக் லைனைக் கழுவ மண்ணெண்ணெயோ பெட்ரோலோ விடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. இந்தச் சீல்களின் ரப்பர் கனிம எண்ணெயில் உப்பிப் போகும். ஒரே தடவையில் மொத்த சிஸ்டத்தையும் பாழாக்கும் வேலை அது.

மாஸ்டர் சிலிண்டரில் நிற்கும் காற்றுக்கு முதலில் வழி செய்தேன். எல்லா நிப்பிளும் மூடியிருக்க, ரிசர்வாயர் மூடியைத் திறந்துவைத்துப் பெடலை ஒரு இன்ச்சுக்குள்ளேயே மெதுவாக ஆட்டினால், ஓய்வு நிலையில் திறந்திருக்கும் சிறு துளை வழியாகக் குமிழி ரிசர்வாயருக்கு ஏறி வரும். வேகமாக மிதித்தால் அந்தத் துளை வழியாகவே ஆயில் மேலே பீய்ச்சும். அதனால் மெதுவாக.

அப்புறம் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கினேன். இந்த வண்டியின் கையேட்டு வரிசை இடது பின், வலது முன், வலது பின், இடது முன். நிப்பிளைக் கால் சுற்று மட்டும் திறந்து, எதையும் மிதிக்காமல் சிறிது நேரம் விட்டேன். ரிசர்வாயர் பாட்டிலைவிட உயரத்தில் இருப்பதால் ஆயில் தானே சொட்டுச் சொட்டாக வரும். முதலில் வந்தது கறுப்பு. ஈர்ப்பு விசையின் வேகத்தில் ஓடும் ஆயிலில் குமிழி உடையாமல் முழுசாக வருகிறது. பெடலைப் படபடவென்று அடித்தால் ஒரு பெரிய குமிழி நூறு சிறு குமிழியாக உடைந்து நுரையாகிவிடும். நுரை வளைவுகளில் ஒட்டிக்கொண்டு வெளியேற மறுக்கும்.

ஓட்டம் ஆரம்பித்தபின் பெடல். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து, முழு ஆழத்துக்குப் போக முடியாமல் தடுத்தேன். பழைய மாஸ்டர் சிலிண்டரில் இது கட்டாயம். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் முதல் பாதியில்தான் போய் வரும். மறுபாதியில் ஈரமும் கசடும் சேர்ந்து சுவர் சொரசொரப்பாகியிருக்கும். ஏர் எடுக்கிறேன் என்று தரை வரை மிதித்தால் சீலின் உதடு அந்தச் சொரசொரப்பின் மீது ஏறிக் கிழிகிறது. "ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு" என்று கேட்கிற கதைகளில் நிறைய இதுதான்.

மெதுவாக மிதி, கீழே ஒரு கணம் நிறுத்து, அதைவிட மெதுவாக விடு. நாலைந்து மிதிக்கு ஒருமுறை இறங்கி வந்து ரிசர்வாயர் அளவைப் பார்த்து நிரப்ப வேண்டும். அது காலியாகிக் காற்று உள்ளே போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்துதான். டியூபை யார் பார்ப்பது? கைபேசியை டியூபுக்கு எதிரே சாய்த்து வைத்து வீடியோ ஓடவிட்டேன். ஒவ்வொரு தொகுதி மிதிக்கும் பிறகு போய்ப் பார்த்தால் எந்த மிதியில் குமிழி வந்தது, எப்போது நிறம் தெளிந்தது என்பது பதிவாகியிருக்கும். இருவர் சேர்ந்து செய்யும்போது ஒருவர் "மிதி", "பிடி", "விடு" என்று சொல்ல, மற்றவர் ஒரு நொடி முந்திவிட்டால் நிப்பிள் காற்றை உறிஞ்சும். டியூப் ஆயிலில் மூழ்கியிருக்கும் இந்த ஏற்பாட்டில் அந்த நேரக் கணக்கே தேவையில்லை.

இடது பின்சக்கரத்தில் கறுப்பு ஆயில் போய் வெளிர் மஞ்சள் வரும்வரை ஓடவிட்டேன். குமிழி அதிகம் இல்லை. வலது முன் காலிப்பரில்தான் அந்தக் காற்று வந்தது. நிப்பிளைத் திறந்ததும் ஒரு நீளமான காற்றுப் பத்தை டியூபில் விரல் நீளத்துக்கு ஏறியது, பின்னால் மணிமணியாகக் குமிழிகள். காலிப்பரை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினேன், சுவரில் ஒட்டியிருந்தவையும் விட்டுக்கொடுத்தன. இடது முன்னிலும் அதேதான். நிப்பிளை உச்சியில் வைத்துவிட்டால் காற்று இவ்வளவு எளிதாக வெளியே வருகிறது.

ஒரு சுற்று முடிந்தபின், அதே வரிசையில் இன்னொரு சின்னச் சுற்று. டியூப் ஆயிலில் மூழ்கியிருக்கும்போதே நிப்பிளை மூடி, அப்புறம்தான் டியூபைக் கழற்ற வேண்டும். நிப்பிளை வெறித்தனமாக இறுக்கத் தேவையில்லை. கூம்பு உட்கார்ந்ததும் சின்ன ஸ்பேனரால் ஒரு அழுத்து போதும், ரப்பர் தொப்பியை மாட்டிவிட வேண்டும். முழு மாற்றத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆயில் போனது. நிப்பிள்களைச் சுற்றியும் சிந்திய இடங்களிலும் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கிளைக்கால் தண்ணீரில் கரைந்துவிடும், பெயிண்டில் விட்டால் அரித்துவிடும்.

தனியாகக் கசிவு பார்ப்பதற்குச் சீட்டுக்கும் பெடலுக்கும் இடையில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, சீட்டை முன்னே தள்ளிப் பெடலை அழுத்திப் பிடிக்கச் செய்துவிட்டு, நான்கு சக்கரத்தையும் டார்ச்சோடு சுற்றிப் பார்த்தேன். இதே முட்டுக்கட்டையை இரவு முழுக்க வைத்தால் மிச்சக் காற்று போய்விடும் என்று பலர் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. பெடல் அழுந்தியிருக்கும்போது ரிசர்வாயருக்குப் போகும் சிறு துளை மூடியிருக்கும், காற்று வெளியேற வழியே இல்லை. அழுத்தத்தில் நுண்குமிழி ஆயிலில் கரைந்து காலையில் பெடல் நன்றாகத் தோன்றலாம், சில நாளில் திரும்ப வரும். இரவு முழுக்க பிரேக் லைட் எரிந்து பேட்டரி இறங்குவது மட்டும் நிச்சயம்.

எஞ்சினை அணைத்து மிதித்துப் பார்த்தேன். முதல் மிதியிலேயே பெடல் மேலே நின்றது, இரண்டாவது மிதியில் ஏறவில்லை, துள்ளல் இல்லை. பெடலை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினைக் கிளப்பியபோது கொஞ்சம் இறங்கி நின்றது. பூஸ்டர் வேலை செய்யும்போது அது இறங்கத்தான் வேண்டும். அதைக் காற்று என்று தவறாக எண்ணி மறுபடி நிப்பிள் திறப்பவர்கள் உண்டு. ஆள் இல்லாத தெருவில் பத்து, இருபது, நாற்பது கிலோமீட்டர் வேகங்களில் நிறுத்திப் பார்த்தேன். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கை வைத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் தனியாகச் சுடவில்லை, ஆக ஷூவும் உரசிக்கொண்டு ஓடவில்லை.

இந்த முறை எல்லா வண்டிக்கும் அப்படியே பொருந்தாது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் ரிசர்வாயர் காலியாகாமல் ஆயில் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் இதுவே போதும். ஆனால் காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போய்விட்டால் அதன் வால்வுகளையும் பம்பையும் ஸ்கேனர் வைத்து இயக்கித்தான் வெளியேற்ற முடியும், அதற்கு அந்த வசதி உள்ள இடத்துக்குப் போக வேண்டும். வரிசையும் வண்டிக்கு வண்டி மாறும். லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ள வண்டிகளில் அந்த வால்விலேயே தனி நிப்பிள் இருக்கக்கூடும். அடியில் படுத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மாமாவிடம் வண்டியைக் கொடுக்கும்போது இரண்டு விஷயங்கள் சொன்னேன். ஏறும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் மாமா, பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், தொடர்ந்து காலை வைத்தே இறங்க வேண்டாம் என்பது ஒன்று. பழைய பின் ஹோஸ்கள் இரண்டையும் அடுத்த மலைப் பயணத்துக்கு முன் மாற்றியாக வேண்டும் என்பது மற்றொன்று. இடது பின் வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே லேசான ஈரமும் இருந்தது, இன்னும் சொட்டவில்லை. ஹோஸ் மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றிவிடலாம். புது வீல் சிலிண்டரை மாட்டும்போது நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த இரண்டு லைன்களிலும் மறுபடி இதே பாட்டிலையும் டியூபையும் கட்டினால் போதும்.